ஓமோன் சிகிச்சையின் முதல் மூன்று மாதங்கள்



ஏறக்குறைய 50 வயதையொட்டிப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது. இதனை மாதவிடாய் ஓய்வு என்கிறோம். இஃது ஒரு நோயன்று, இயற்கையின் ஒழுங்கு. ஆனால் நோயன்று என்ற ஒரே காரணத்தால், அதையொட்டி வரும் துன்பங்களும் துன்பங்களல்ல என்று நம்மிடையே நெடுங்காலமாக முடிவுகட்டப்பட்டிருக்கிறது. "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே" என்று வீட்டிலுள்ள மூத்த பெண்களே கூறுவதைக் கேட்கிறோம். எல்லாருக்கும் வருவது என்பதனால் பல்வலி வலியாகாது போய்விடுமா?

இத்துன்பங்களைத் தணிப்பதற்காகக் கொடுக்கப்படுவது ஓமோன் சிகிச்சை. அதன் நன்மைகளைப் பற்றிப் பலரும் பேசுவர். அதனைத் தொடங்கிய பின்னர் முதற் சில மாதங்களில் உடலில் ஏற்படும் நோவையும் மனத்தில் ஏற்படும் மாற்றங்களையும் எவ்வாறு எதிர்கொள்வது என்பதையே நான் இன்று எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஆசிரியையை மனத்திற் கொள்வோம். வயது 51. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்புப் பரவுவதுபோற் சூடேறுகிறது, வியர்வை பெருகுகிறது. இரவில் மூன்றுமுறை எழுந்து உடை மாற்றவேண்டியிருக்கிறது. வைத்தியர் பரிசோதித்து ஓமோன் குளிசைகளைக் கொடுக்கிறார். சில வாரங்களில் சூடும் வியர்வையும் தணிகின்றன. ஆனால் மார்பு கனத்து நோகிறது. இரவில் கெண்டைக்கால் இழுக்கிறது. ஒவ்வொரு மாதத்திலும் சில நாட்களுக்குக் காரணமின்றி அழுகை வருகிறது. அருமைப் பிள்ளைகள்மீதே எரிந்து விழுகிறார். "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று குளிசைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். வைத்தியரிடம் திரும்பிச் செல்லவுமில்லை.

இவ்வாசிரியை கற்பனைப் பாத்திரமே. ஆயினும் இவரைப் போன்றவர்கள் பலர். இவருக்கு நேர் எதிரான இன்னொரு வகையினரும் உளர். மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும், சிகிச்சை என்றால் நோகத்தான் செய்யும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்பவர் அவர். பொறுக்கலாகாத நோவையும் அவர் பொறுத்துவிடுகிறார். முதலாமவர் தமக்குக் கிடைக்கக்கூடிய சுகத்தை இழக்கிறார். இரண்டாமவர் சிலவேளை உயிரையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

நோவின் காரணம் விளங்கவேண்டுமானால் உடலில் நிகழ்வது யாது என்பதைச் சிறிது அறியவேண்டும். சூலகங்கள் சுரக்கும் ஓமோன்களில் முக்கியமானவை இரண்டு: ஒன்று ஈஸ்திரஜன், மற்றது புரொஜெஸ்தரோன். வயது ஏறும்போது இவற்றின் சுரப்புக் குறைகிறது. ஆனால் அது சீராகக் குறைவதில்லை. எண்ணெய் வற்றும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். திடீரெனச் சுடர்விட்டு, தாழ்ந்து, மறுபடியும் சுடர்விட்டு, பின்னரே அணைகிறது. சூலகத்தின் நிலையும் அதுவே. இந்த ஏற்றத்தாழ்வே பெருந் தொல்லை. மூளையில் உடலின் வெப்பத்தை ஒழுங்குசெய்யும் பகுதி தடுமாறுகிறது. சிறிதளவு வெப்பம் கூடினாலும் பெருவெப்பம் வந்துவிட்டதென எண்ணி வியர்வையைத் திறந்துவிடுகிறது. மூட்டுகள், தசைகள், தசைநாண்கள் ஆகியவற்றிலும் ஈஸ்திரஜனுக்குப் பணி உண்டு. ஆகையால் விரல் மூட்டுகளில் விறைப்பும் தோளிலும் முழங்காலிலும் உளைவும் தோன்றுகின்றன. இரவில் உறக்கம் கெடுகிறது. உறக்கங் கெட்ட உடம்புக்குச் சிறு நோவும் பெருநோவாகத் தோன்றும் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே.

இனி, சிகிச்சையைப் பற்றி. கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்திரஜன் குளிசைகள் 1942 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 1966 இல் றொபேட் வில்சன் என்னும் அமெரிக்க வைத்தியர் எழுதிய நூலொன்று, இம்மருந்தை உண்ணும் பெண் என்றும் இளமையோடிருப்பாள் என்ற ஆசையைப் பரப்பிற்று. மருந்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அதன்பின் நடந்தவை நல்ல சான்று. 1975 இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்திரஜனைத் தனியே உண்ட பெண்களிடையே கருப்பையின் உட்படலத்திற் புற்றுநோய் பன்மடங்கு கூடியிருந்ததைக் காட்டின. ஈஸ்திரஜன் அவ்வுட்படலத்தை வளரச் செய்கிறது. அவ்வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது புரொஜெஸ்தரோன். ஆகவே கருப்பை உள்ள பெண்ணுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. கருப்பை அகற்றப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஈஸ்திரஜன் மட்டும் போதும். இந்தப் புரொஜெஸ்தரோன் ஏன் சேர்க்கப்படுகிறது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனமாற்றங்களைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இன்றும் பல பெண்கள் இச்சிகிச்சை என்றதும் அஞ்சுவதற்குக் காரணம் 2002 யூலை மாதத்தில் வெளியான செய்தியாகும். அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுவரையுள்ள 16,608 பெண்களைக் கொண்டு நடந்த பேராய்வொன்று, குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. ஈஸ்திரஜனையும் செயற்கைப் புரொஜெஸ்தரோனையும் சேர்த்து உண்டவர்களிடையே, ஆண்டொன்றுக்கு 10,000 பேரில் மார்பகப் புற்றுநோய் 30 இலிருந்து 38 ஆகவும், பாரிசவாதம் 21 இலிருந்து 29 ஆகவும் கூடியிருந்தன. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைப்பது 8 இலிருந்து 16 ஆயிற்று. இடுப்பெலும்பு முறிவோ 15 இலிருந்து 10 ஆகக் குறைந்தது. இவ்வெண்கள் உண்மை, அலட்சியஞ் செய்யத் தக்கவையல்ல. ஆனால் அப்பெண்களின் சராசரி வயது 63 என்பதையும், அவர்கள் உண்டது ஒரு குறிப்பிட்ட வகைக் குளிசை என்பதையும் பத்திரிகைத் தலைப்புகள் கூறவில்லை. 60 வயதுக்குட்பட்டவர்கள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் உள்ளவர்கள், வேறு தடையில்லாதவர்களாயின், கடுந்துன்பத்துக்கு இச்சிகிச்சையைப் பெறுவதில் தீமையிலும் நன்மையே பெரிது என்பது இன்றைய வைத்தியர்களின் பொதுக் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர், காரணந் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர், இரத்தக்கட்டி உள்ளவர், கடும் ஈரல் நோயுள்ளவர் ஆகியோருக்கு இது பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

சிகிச்சை தொடங்கியதும் வரும் நோவுக்கு வருவோம். பல மாதங்களாக ஈஸ்திரஜன் குறைந்திருந்த உடம்புக்கு அது திடீரென மீண்டும் கிடைக்கிறது. மார்பகத் திசுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதனால் மார்பு கனத்து நோகும். தலையிடி, குமட்டல், வயிற்றுப் பொருமல், கெண்டைக்கால் இழுப்பு ஆகியவையும் சிலருக்கு வரும். கருப்பை உள்ளவர்களுக்கு இடையிடையே சிறிது உதிரம் படுவதும் உண்டு. இவற்றுட் பெரும்பாலானவை மூன்று மாதங்களுள் தாமே அடங்கிவிடும். வைத்தியர் மூன்று மாதங் கழித்து வரச்சொல்வதன் காரணம் இதுவே. அதற்குமுன் சிகிச்சை பலித்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது, விதைத்த மறுவாரம் கதிர் பார்ப்பது போலாகும்.

ஆனால் மூன்று மாதமும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. குமட்டலுக்குக் குளிசையை உணவோடு உண்பது உதவும். மார்பு நோவுக்கு அளவான, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை வேண்டும்; இதைச் சொல்ல வைத்தியர்களும் கூச்சப்படுகிறார்கள், கேட்க நோயாளரும் கூச்சப்படுகிறார்கள். கெண்டைக்கால் இழுக்கும்போது பாதத்தை முழந்தாளை நோக்கி மடக்கி நீட்டிப் பிடித்தால் தசை தளரும். குளிசைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் மருந்துத் துண்டோ பூசும் களியோ கொடுத்தால் குமட்டலும் தலையிடியும் பலருக்குக் குறைகின்றன. ஏனெனில் மருந்து ஈரலைத் தாண்டாமல் நேரே இரத்தத்திற் சேர்கிறது, அதன் அளவும் ஏறியிறங்காமல் நிற்கிறது. ஒற்றைத் தலையிடி உள்ளவர்களுக்கு இது முக்கியம். வழக்கமான அளவில் தோல்வழியாகக் கொடுக்கப்படும் ஈஸ்திரஜன், குளிசையைப் போல இரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுவதாகக் காணப்படவில்லை என்பதும் அதன் சிறப்பு.

நம் நாட்டுக்குரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். அது இந்த ஒட்டுத்துண்டுகளைப் பற்றியது. நம் வெக்கையிலும் வியர்வையிலும் அவை ஓரம் கிளம்பிக் கழன்றுவிடுகின்றன. நல்லெண்ணெய் தேய்த்து முழுகிய உடம்பிலும், பவுடர் பூசிய தோலிலும் அவை ஒட்டவே மாட்டா. பாதி கழன்ற துண்டு பாதி மருந்தையே கொடுக்கும். மறுநாள் தலையிடியும் சூடும் திரும்பும். "மருந்து கேட்கவில்லை" என்று நாம் முடிவுசெய்வோம். இடுப்புக்குக் கீழே, உலர்ந்த, எண்ணெயில்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் சிறிதுநேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். மார்பில் ஒட்டலாகாது. அடுத்தமுறை இடத்தை மாற்றவேண்டும். களி பூசுபவர் அது நன்றாக உலரும்வரை குழந்தைகளைத் தூக்காதிருத்தல் நன்று.

மனத்துக்கு வருவோம். நாம் முன்னே கண்ட ஆசிரியைக்கு அழுகையும் சினமும் மாதம் முழுவதும் வரவில்லை. சில நாட்களிலேயே வந்தன. அதுவே துப்பு. புரொஜெஸ்தரோன் வகை மருந்தை மாதந்தோறும் 12 முதல் 14 நாட்களுக்கு மட்டும் கொடுப்பது ஒரு முறை. அந்நாட்களில் சிலருக்கு முன்னர் மாதவிடாய்க்கு முன்வந்த அதே எரிச்சலும் சோர்வும் திரும்புகின்றன. புரொஜெஸ்தரோன் உடலில் மாற்றமடைந்து உண்டாகும் ஒரு பொருள், மூளையை அமைதிப்படுத்தும் ஏற்பிகளிற் சென்று பற்றுகிறது. பலருக்கு அது தூக்கத்தைத் தருகிறது. ஆகவேதான் இயற்கைப் புரொஜெஸ்தரோனை இரவிற் படுக்கும் வேளையில் உண்ணச் சொல்கிறார்கள். ஆனால் சிலருடைய மூளையில் அதே பொருள் நேர்மாறாக வேலைசெய்து பதற்றத்தையும் அழுகையையும் எழுப்புகிறது. மாதவிடாய்க்கு முன் மனம் மிகவும் கலங்கியவர்களும் பிள்ளைப்பேற்றின்பின் மனச்சோர்வு கண்டவர்களும் ஓமோன் மாற்றங்களால் எளிதிற் பாதிக்கப்படுகின்றனர்.

இதற்கு வழியுண்டு. செயற்கை வகையை விடுத்து இயற்கைப் புரொஜெஸ்தரோனுக்கு மாற்றலாம். விட்டுவிட்டுக் கொடுப்பதைத் தொடர்ந்து கொடுக்கும் முறையாக மாற்றலாம். கருப்பையினுள்ளே வைக்கும் ஓமோன் வளையத்தைப் பயன்படுத்தினால் மருந்து பெரும்பாலும் அவ்விடத்திலேயே வேலைசெய்யும். செய்யக்கூடாதது ஒன்றுண்டு. "ஈஸ்திரஜன் நல்லது, மற்றதுதான் மனத்தைக் கெடுக்கிறது" என்று கண்டுபிடித்த பெண், வைத்தியரைக் கேளாமல் இரண்டாவதை மட்டும் நிறுத்திவிடலாம். 1975 இல் வெளியானது மீண்டும் அவருடைய உடம்பில் நிகழ அதுவே வழி.

ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது ஒரு சிறு கொப்பி கொண்டுசெல்லுங்கள். திகதி, உண்ட மருந்து, நோவு எங்கே, எவ்வளவு நேரம், அன்றைய உறக்கம், மனநிலை, உதிரம் பட்டதா என்பவற்றை ஒவ்வோர் இரவும் இரண்டு வரியில் எழுதினாற் போதும். "எப்போதும் ஒரே உளைவு, டொக்டர்" என்பதிலிருந்து அவர் எதையும் அறியமாட்டார். "மாதத்தில் 15 ஆம் நாளிலிருந்து 26 ஆம் நாள்வரை அழுகை" என்று கொப்பி சொன்னால், பாதிச் சிகிச்சை அங்கேயே முடிந்துவிட்டது. நம் வைத்தியசாலைகளில் ஒரு நோயாளருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை எண்ணிப் பார்த்தால், இக்கொப்பியின் அருமை விளங்கும்.

எல்லா நோவையும் மாதவிடாய் ஓய்வின் தலையிற் சுமத்துவதும் தவறு. தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்தாலும் உடல் உளையும், மனம் சோரும். இரத்தசோகையும் அவ்வாறே. சிக்குன்குன்யாக் காய்ச்சல் நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டிற் பரவியபோது, காய்ச்சல் மாறியபின்னும் மாதக்கணக்காக மூட்டுகள் நொந்தவர்களை நாம் அறிவோம். ஓமோன் சிகிச்சை சூட்டையும் வியர்வையையும் தணிப்பதுபோல மூட்டு நோவைத் தணிப்பதில்லை. அங்கே அதன் உதவி சொற்பமே. மூட்டுக்கும் தசைக்கும் உழைப்பே மருந்து: நாள்தோறும் நடை, கையூன்றாமற் கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல், நோகும் இடத்துக்கு வெந்நீர் ஒத்தடம். வலிநிவாரணி வேண்டுமாயின், பனடோல் என்று நாம் அழைக்கும் பரசிற்றமோலை 500 மில்லிகிராம் குளிசையாக ஒருமுறைக்கு இரண்டு, நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படாமல் உண்ணலாம். மெலிந்த உடலினரும் ஈரல் நோயுள்ளவரும் அதனிலும் குறைக்கவேண்டும். ஏனைய வலிநிவாரணிகளைக் கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் உண்பது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. நாட்டு மருந்து உண்பவர் அதனையும் மறைக்காமல் வைத்தியரிடம் கூறவேண்டும்.

இனிப் பொறுக்கலாகாத நோவு. இரு கால்களும் மாறிமாறி இரவில் இழுத்துச் சில நிமிடங்களில் விடுவது ஒன்று. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, தொட்டாற் சூடாகி, நடக்க நடக்க நோவது முற்றிலும் வேறு. அது நாளத்தில் இரத்தம் கட்டியிருப்பதன் அடையாளமாகலாம். அக்கட்டி பிரிந்து நுரையீரலை அடைந்தால் திடீர் மூச்சுத்திணறலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சிற் குத்தலும் வரும். குளிசையாக உண்பவர்களுக்கு இந்த ஆபத்து முதலாண்டிலேயே மிகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அசையாமல் அமர்ந்துவருபவர் வழியிலே காலை நீட்டி மடக்கி, பஸ் நிற்குமிடத்தில் இறங்கி நடப்பது நல்லது. சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் தாம் ஓமோன் உண்பதை முன்னரே தெரிவிக்கவேண்டும். திடீரென வரும் கடுந் தலையிடி, பார்வை மறைதல், வாய் கோணுதல், ஒரு பக்கம் சோர்தல் ஆகியவற்றுக்குக் கொப்பியும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மார்பில் கட்டி தென்பட்டால் அதனை மருந்தின் நோவு என்று விட்டுவிடலாகாது. ஆறு மாதங் கடந்தும் உதிரம் பட்டால், அல்லது நின்ற உதிரம் மீண்டும் பட்டால், பரிசோதனை அவசியம்.

மனச்சோர்விலும் இத்தகைய எல்லைக்கோடு உண்டு. இரண்டு வாரங்களாக நாள் முழுவதும் மனம் இருண்டு, எதிலும் நாட்டமின்றி, உண்ணவும் உறங்கவும் முடியாதிருந்தால் அது வெறும் ஓமோன் தடுமாற்றமன்று. தனியே சிகிச்சை பெறவேண்டிய நோய். மனவைத்தியரிடம் பேசிப் பெறும் சிந்தனைப் பயிற்சிச் சிகிச்சை சோர்வுக்கு மட்டுமன்றி, சூடும் வியர்வையும் தரும் தொல்லையைத் தாங்குவதற்கும் உதவுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அந்த நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லிவிடவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் அதற்காகவே உள்ளது.

இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆடவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உனக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கோபம்" என்று சொல்வது எவ்வகையிலும் மருந்தாகாது. இரவில் அவர் வியர்த்து எழுந்தால் யன்னலைத் திறந்துவிடுங்கள். வைத்தியசாலைக்கு உடன் செல்லுங்கள். மாற்றங்களை நோயாளரைவிட அருகிலிருப்பவரே சிலவேளை தெளிவாகக் காண்பார். கொப்பியில் ஒரு வரி நீங்களும் எழுதலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகவனிதையர் கிளினிக் எந்நாளில் நடைபெறுகிறது என்று கேட்டறியலாம். 1996 முதல் நம் நாட்டில் இவை நடைபெறுகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவை அங்கே பரிசோதிக்கப்படுகின்றன. வேண்டுமாயின் பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்பிவைப்பர்.

எத்தனை ஆண்டுகள் உண்பது என்று பலர் கேட்கின்றனர். அனைவர்க்கும் பொதுவான கணக்கில்லை. ஆண்டுக்கொருமுறை வைத்தியரோடு இருந்து மீண்டும் எடைபோட வேண்டியது. சூலகங்கள் அகற்றப்பட்டதாலோ வேறு காரணத்தாலோ 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றவர்கள், தடையேதும் இல்லையாயின், இயற்கையாக அது நிற்கும் வயதுவரையாவது தொடர்வது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. நிறுத்தும்போது சூடும் வியர்வையும் சிலருக்கு மறுபடி தலைகாட்டும். சிறிது சிறிதாகக் குறைத்தால் உடனடித் தொல்லை சற்றுக் குறையலாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் படிப்படியாக நிறுத்தியவருக்கும் ஒரேயடியாக நிறுத்தியவருக்கும் பெரிய வேறுபாடில்லை. பெண்ணுறுப்பின் வறட்சியும் எரிவும் மட்டும் தாமாக மாறுவதில்லை. அதற்கு அவ்விடத்திலே பூசும் மிகச் சிறு அளவு ஈஸ்திரஜன் களிம்பு உண்டு. இரத்தத்திற் சேர்வது மிகச் சொற்பமாகையால், மற்றச் சிகிச்சையை நிறுத்திய பின்னரும் வைத்தியர் சொற்படி அதனைத் தொடரலாம்.